வரிசைக்கு மேலே நிற்கும் சுவர்

பூச்சுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் மூத்த கொத்தனார்களே, சாரம் கட்டும் தோழர்களே, மணல் சலித்துக் கலவை சுமக்கும் சகோதரிகளே, நாற்காலி போதாமல் பின்னால் நின்றுகொண்டிருப்பவர்களே, முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவரே, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் சொன்னது உண்மை. அக்கா நேர்மையானவர் என்றார்கள், உண்மை. இந்த ஊரில் சித்தாளாக வந்து மேஸ்திரியான முதல் பெண் என்றார்கள், அதுவும் உண்மை. எங்கள் பூச்சு மேஸ்திரி அக்கா இறந்தது ஒரு விபத்தில் என்றார்கள். அங்கேதான் நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. அது விபத்தா? விபத்து என்று சொல்லிவிட்டு நாம் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாமா?

நான் இந்தச் சங்கத்தின் செயலாளர். அக்காவோடு இருபத்தாறு வருடம் ஒரே சாரத்தில் நின்றவன். எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நேரம் கொஞ்சம் எடுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேசைமேல் இருக்கும் படம் அக்காவின் சங்க அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. வலது கன்னத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிகிறது பாருங்கள், அது சுண்ணாம்பு. படம் எடுத்தவர், "மூஞ்சியக் கழுவிட்டு வாங்கம்மா" என்றார். அக்கா அசையவில்லை. "கழுவிட்டா வேற யாரோன்னு கேட்ல விடமாட்டாங்க, இப்படியே எடு" என்றார். அவர் சிரிக்காமல் சொல்வார். நாம்தான் சிரிப்போம்.

அவரை நீங்கள் 'காது மேஸ்திரி' என்று கூப்பிட்டீர்கள். ஏன் என்று அக்காவின் மகளுடைய அலுவலகத்திலிருந்து வந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பூச்சு வேலை செய்கிறவர்கள் சுவரைக் கண்ணால் பார்ப்போம், மட்டக்கட்டை வைத்துப் பார்ப்போம். அக்கா கேட்பார். கரண்டியின் மரப்பிடியால் சுவரில் ஒரு தட்டு. பூச்சு செங்கல்லைப் பிடித்திருந்தால் கெட்டியான சத்தம் வரும். பிடி விட்டு உள்ளே காற்று புகுந்திருந்தால் காலி டப்பாவைத் தட்டியதுபோல 'டொப்' என்று வரும். பொள்ளல் என்போம். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. வெள்ளை அடித்து, ஓரம் வெட்டி, கண்ணாடிபோல இருக்கும். உள்ளே ஒன்றையும் பிடித்துக்கொண்டிருக்காது.

எங்கே போனாலும் அக்கா தட்டுவார். ஒருமுறை வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருந்தோம். வீட்டுக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். அக்கா வெளிச்சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போகிறார்.

"அம்மா, கதவு இங்க இருக்கு. செவுத்த ஏன் தட்டறீங்க?"

"உள்ள யாராவது இருக்காங்களான்னு பாத்தேன். ஒருத்தரும் இல்ல."

"என்னது?"

"உங்க பூச்சுக்குள்ள சிமெண்ட் இல்லைங்க."

அந்த வீடு கிடைக்கவில்லை. அக்காவின் கணவர் தையற்காரர். அன்றைக்கு அவர் சொன்னார்: "நீ பேசாம இரு. நான் என்ன, எதிர்ல வர்றவன் சட்டையெல்லாம் இழுத்துத் தையல் பாத்துக்கிட்டா இருக்கேன்?" மாமா, இப்போது நீங்கள் தலையசைப்பது தெரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவதில் சிரிப்பு இல்லை.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு மருத்துவமனைக்கு வெளிநோயாளிகள் கட்டடம் கட்டினார்கள். உங்களில் பாதிப் பேர் அதில் வேலை செய்தவர்கள். மீதிப் பேர் அங்கே மருந்து வாங்குகிறவர்கள். அதன் மேற்குப் பக்கத்தில் ஜன்னலே இல்லாத ஒரு பெரிய சுவர் இருக்கிறது. முப்பத்தாறு அடி அகலம், இருபது அடி உயரம். பன்னிரண்டு அடி உயரத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்திருக்கும். அந்தச் சுவரைப் பூசும் பொறுப்பு அக்காவிடம் வந்தது. மேஸ்திரியாக அவருக்கு அதுதான் முதல் வேலை. கோட்டுக்கு மேலே இருக்கும் எட்டடியும் என் ஆட்கள், கீழே பன்னிரண்டடியும் அக்காவின் ஆட்கள்.

முதல் பூச்சுக்கு இயந்திரத்தில் மொத்தமாகக் கலவை போட்டாயிற்று. ஏறப்போகும் நேரத்தில் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள், எல்லோரும் சாரத்தைவிட்டு இறங்கி வரிசையாக நில்லுங்கள் என்றார்கள். நின்றோம். இரண்டரை மணி நேரம் நின்றோம். வந்தவர்கள் கட்டடத்தின் முன்பக்கத்தைப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். மேற்குப் பக்கம் யாரும் வரவே இல்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது கலவை இறுகியிருந்தது. இங்கே இருக்கும் ஒவ்வொரு கொத்தனாருக்கும் தெரியும். சிமெண்ட் கலவைக்கு ஆயுசு ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் இன்னும் கொஞ்சம். அதைத் தாண்டினால் அது செத்த கலவை. கொட்டிவிட வேண்டும். ஆனால் செத்த கலவையில் தண்ணீரை ஊற்றிக் கிண்டினால் அது மறுபடியும் இளகும். கரண்டியில் ஏறும். சுவரிலும் ஒட்டும். பார்த்தால் நல்ல கலவைக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் சுவருக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா குனிந்து, கொஞ்சம் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார்.

"போச்சு. கொட்டிடுங்க."

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "கொட்டறதா? வேற மணல் நாளைக்குத்தான் வரும். சாரம் இன்னிக்குச் சாயங்காலம் வேற கட்டடத்துக்குப் போகணும். தண்ணி ஊத்தி முடிங்கம்மா."

"முடிக்கலாம். நிக்காது."

"நிக்கும் நிக்கும். எல்லாரும் பண்றதுதான்." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, அக்காவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன், பொம்பளைகிட்ட வேலையக் குடுத்தா முதல் நாளே நிறுத்துவான்னு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'கொட்டுங்கக்கா, நானும் உங்களோட வெளிய வர்றேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அவரைவிட மூன்று வருடம் கூடுதல் அனுபவம் இருந்தது. நான் சொன்னது இதுதான்: "ஒரு தடவைதானேக்கா. மேல் பூச்சு நல்லா அழுத்திப் பூசிடலாம்."

அவர் கையில் இருந்த கலவையைக் கீழே உதறினார். பிறகு சொன்னார்: "சரி, ஊத்து."

ஊற்றியது யார்? நான். குழாயைப் பிடித்தது இந்தக் கை. அன்று சாயங்காலத்துக்குள் எழுநூற்று இருபது சதுர அடியும் முடித்தோம். மறுவாரம் வேறு சாரம் வந்து மேல் பூச்சு போட்டோம். அதற்கு நல்ல கலவை, நல்ல மணல், காய்ந்து வெடிக்காமல் இருக்கப் பத்து நாள் தண்ணீர். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் அக்காவுக்கு அடுத்த வேலை கிடைத்தது, அதற்கடுத்ததும் கிடைத்தது. பொறியாளர்கள் புதிய ஆட்களை அழைத்துவந்து, பூச்சு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அதைக் காட்டினார்கள். அக்கா அந்தத் தெரு வழியே போவதையே நிறுத்திவிட்டார். எனக்குக் காரணம் தெரியும். நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு இந்தப் பதினொரு வருடத்தில் அக்கா எத்தனை சட்டி கலவையைக் கொட்டியிருப்பார்? நீங்கள் பார்த்தவர்கள். சாப்பாட்டு மணி அடித்தால், மிச்சம் இருக்கிற கலவையைத் தன் கையாலேயே குப்பையில் தள்ளிவிட்டுத்தான் கை கழுவுவார். "பிடிவாதக்காரி" என்று திட்டினீர்கள். ஒப்பந்தக்காரர்கள் சிலர் அவரை வேலைக்கே கூப்பிடாமல் விட்டார்கள். அது பிடிவாதமா? ஒரே ஒரு 'சரி'யைப் பதினொரு வருடமாக அவர் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தார் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாமாவின் கண்ணில் புரை விழுந்தது. வேறு வழியில்லாமல் அக்கா அந்த மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். காலை ஆறு மணிக்கே சீட்டு வரிசை தொடங்கிவிடும். வரிசை எங்கே நிற்கும்? வெயில் கிழக்கிலிருந்து வருகிறது. நிழல் மேற்குச் சுவரின் அடியில்தான் விழுகிறது. ஆகவே நோயாளிகள், கைக்குழந்தைக்காரிகள், வயதானவர்கள் எல்லோரும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அக்காவும் மாமாவை அங்கேதான் நிறுத்தினார். பழக்கம் விடுமா? கரண்டி இல்லை. விரல் முட்டியால் தட்டினார்.

அன்றைக்கு எனக்குப் போன் வந்தது.

"தம்பி, நம்ம செவுரு செத்துப்போச்சு."

"எந்தச் செவுருக்கா?"

"எந்தச் செவுருன்னு கேக்காத. உனக்குத் தெரியும். இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும் தட்டிட்டேன். ஒரு இடம்கூடப் பிடிச்சிட்டு இல்ல. கீழ இப்படின்னா மேல எப்படி இருக்கும்?"

"ஒம்பது வருஷமாகப் போகுது. விழறதா இருந்தா விழுந்திருக்கும்க்கா."

"எட்டு, ஒம்பது மாசக் குழந்தைங்கல்லாம் நிக்குது தம்பி, கீழ."

அதிலிருந்து அவர் எழுதத் தொடங்கினார். ஆறு கடிதங்கள். நகல் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு ஒருவர் வந்து, வண்டியைவிட்டு இறங்காமல் அண்ணாந்து பார்த்து, விரிசல் எதுவும் இல்லை, பூச்சு மிக நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா எனக்குப் போன் செய்து, "நல்லாத்தான் இருக்காம். பூசினவ கைவேலை அப்படி" என்றார். மூன்றாவது கடிதத்தில்தான் உண்மையை எழுதினார். கலவை இறுகிவிட்டது என்று தெரிந்தும் தண்ணீர் ஊற்றிப் பூசினேன், தவறு என்னுடையது, பூச்சை உடனே உரித்துவிடுங்கள் என்று எழுதினார். பதிலுக்கு ஒரு படிவம் வந்தது. மனுதாரருக்கும் கட்டடத்துக்கும் உள்ள தொடர்பு என்ன என்று அதில் ஒரு கட்டம். அக்கா 'பூசியவள்' என்று எழுதினார்.

நான்காவதுக்கு வந்த பதில் மிரட்டல். தவறை ஒப்புக்கொள்வதால் உங்கள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். "எடுங்க, ஆனா செவுத்த முதல்ல எடுங்க" என்று எழுதினார். ஐந்தாவதில், சுவரை விடுங்கள், வரிசையையாவது நகர்த்துங்கள் என்று கெஞ்சினார். ஒரு கயிறு கட்டினார்கள். வெயில் ஏறியதும் ஜனங்கள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போனார்கள். ஒரு வாரத்தில் கயிறு காணாமல் போனது.

மூன்றாவதிலிருந்து எல்லாக் கடிதத்திலும் ஒன்றைக் கவனித்தேன். 'நான் பூசினேன்' என்றுதான் எழுதியிருக்கிறார். 'நாங்கள்' என்று ஓர் இடத்திலும் இல்லை. என் பெயர் எங்கும் இல்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு நகலைக் கோப்பில் வைத்தேன். நானும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லவில்லை.

பிறகு அவரே காலையில் போய் நிற்க ஆரம்பித்தார். வேலைக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் அந்த வரிசையிடம் பேசுவார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. செவுரு நல்லா இல்ல."

"ஏன், உனக்கு இடம் வேணுமா? பின்னாடி போய் நில்லு."

"எனக்குச் சீட்டே வேணாம்மா. பத்தடி தள்ளி நில்லுங்க, போதும்."

"பத்தடி தள்ளி நின்னா நீ உள்ள பூந்துக்குவ. நேத்து ஒருத்தி இப்படித்தான் மயக்கம் வருதுன்னு நடிச்சா."

ஒரு பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சுவரை மேலும் கீழும் பார்த்தார். "எவ்வளவு அழகாப் பூசியிருக்கான். இதப் போய் நல்லா இல்லங்கறியே? உனக்கென்னம்மா தெரியும் பூச்சப் பத்தி?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத ஒரு முகம். அந்த முகத்தை நான் மறக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பதினைந்து நாள் ஆகிறது. மதியம் அக்கா சங்க அலுவலகத்துக்கு வந்தார்.

"தம்பி, நாளைக்கு வெளிநோயாளி கிடையாது. வரிசை இருக்காது. சாரம் குடு, நான் உரிச்சிடறேன்."

"வேலை ஆர்டர் இருக்காக்கா?"

"இருந்தா உன்கிட்ட எதுக்குடா வர்றேன்?"

"ஆர்டர் இல்லாம சாரம் வெளிய போகக்கூடாது. சங்க விதி. பிடிச்சாங்கன்னா பதிவையே எடுத்துடுவாங்க. ஆறாவது கடுதாசிக்குப் பதில் வரட்டும். ரெண்டு வாரம் பாக்கலாம்."

"ரெண்டு வாரம்னா பன்னெண்டு வரிசை."

"இத்தனை வருஷம் நின்னுதே அக்கா."

"நிக்கல தம்பி. தொங்குது."

அவர் போய்விட்டார். சண்டை போடவில்லை. போகும்போது வாசலில் ஈரமாக இருந்த தரையைக் காட்டி, "வழுக்கும், சாக்கு போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் தனியாகப் போனார். ஓர் ஏணி, சுத்தியல், உளி. கீழே யாரும் வராதபடி இருபதடிக்குக் கயிறு கட்டியிருக்கிறார். மருத்துவமனைத் தோட்டக்காரர் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். முதலில் கீழ்ப்பகுதியில் ஒரு கதவு அளவுக்கு உரித்தார். உளியை வைத்ததும் தட்டுத் தட்டாகக் கழன்று வந்தது. உள்ளே செங்கல் புதிதுபோலச் சுத்தமாக இருந்தது. ஒரு துளி கலவைகூடப் பிடித்திருக்கவில்லை. பிறகு ஏணியில் கோடுவரை ஏறினார். எட்டரை மணிக்குக் கோட்டுக்கு மேலே இருந்த பூச்சு, ஒன்பதடி அகலம், ஐந்தடி உயரம், ஒரே பலகையாக வந்தது.

தோழர்களே, நாமெல்லாம் பூச்சை உரித்தவர்கள். எங்கிருந்து உரிப்போம்? மேலிருந்து. எப்போதும் மேலிருந்து. கீழே இருப்பதை எடுத்தால் மேலே இருப்பதற்குத் தாங்கல் போய்விடும் என்று நேற்று வேலைக்கு வந்தவருக்கும் தெரியும். அக்காவுக்குத் தெரியாதா? அக்காவுக்கா தெரியாது? பிறகு ஏன் கீழிருந்து தொடங்கினார்? அவரிடம் இருந்தது ஏணி. ஏணி எட்டும் உயரம் அவ்வளவுதான். ஏன் ஏணி மட்டும் இருந்தது? சாரம் பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் இருந்தது? என் சட்டைப் பையில் இருந்தது. அவர்மேல் விழுந்த பூச்சு யார் பூசியது? கோட்டுக்கு மேலே என்று சொன்னேன். நான் பூசியது.

இதைத்தான் விபத்து என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சுவரிலிருந்து நாற்பது அடி தூரத்தில், அதே மருத்துவமனையில் அக்கா படுத்திருந்தார். நான் போனபோது நினைவு இருந்தது. மகளிடம் ஏதோ சொன்னார். அது அவர்களுக்கானது. என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "நாளைக்குத் திங்கக்கிழமை" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. பதினொன்றேகாலுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை என்ன நடந்தது தெரியுமா? உடைந்த பூச்சைக் காலை ஐந்தரைக்குள் பெருக்கித் தள்ளிவிட்டார்கள். ஆறு மணிக்கு வரிசை வந்தது. நிழலில் நின்றது. பூச்சு பெயர்ந்த இடத்தில் செங்கல் சொரசொரவென்று இருப்பதால், அங்கே மட்டும் யாரும் சாயவில்லை. மற்ற இடமெல்லாம் சாய்ந்துகொண்டு நின்றார்கள். அறிக்கையும் வந்துவிட்டது. அனுமதியின்றி நுழைந்து பொதுக் கட்டடத்தைச் சேதப்படுத்திய பெண், தன் கவனக்குறைவால் இறந்தார் என்று அதில் இருக்கிறது. மாமாவுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டியவள் அவருடைய மகள். அவள் அந்த வரியை விட்டுவிட்டு வாசித்தாளாம். அவர், "ஏம்மா, நடுவுல ஒரு வரி குறையுதே" என்று கேட்டாராம். துணி தைத்த கை. எங்கே தையல் விட்டிருக்கிறது என்று தெரியும்.

இன்னும் ஒன்று. பெயர்ந்த இடத்தை மட்டும் பூசி, வெள்ளையடித்து மூடச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார்கள். புதன்கிழமை வேலை. அந்த வேலையை ஒத்துக்கொண்டவர் நம் சங்கத்துக்காரர். இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். தோழர், உங்களை நான் குறை சொல்ல வரவில்லை. உங்களுக்கும் அந்த மேற்பார்வையாளர் மாதிரி ஒருவர், எல்லாரும் பண்றதுதான் என்று சொல்லியிருப்பார். உங்களைக் குறை சொல்லும் தகுதி இந்த மண்டபத்தில் யாருக்காவது இருந்தால் அது எனக்கு இல்லை. ஆனால் புதன்கிழமை நீங்கள் அந்த இடத்தை மூடிவிட்டால், சுவர் மறுபடியும் அழகாக இருக்கும். பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். அதற்குப் பிறகு அதை உரிக்கச் சொல்லி யார் எழுதுவது? எழுதிக்கொண்டிருந்தவர் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அங்கே வரிசை இல்லை. நான் போயிருக்கலாம். போகவில்லை. பயம். உள்ளே போட்டால் என்ன செய்வது, சங்கப் பதிவு போனால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமும் ஆறு வரிசை நின்றது. எதுவும் விழவில்லை. விழவில்லை என்பதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். பதினொரு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று இந்த மாதிரிக் கூட்டங்களில் சொல்வது வழக்கம். எப்படித் தொடர்வது? அவருக்கு இருந்த காது எனக்கு இல்லை, அவருக்கு இருந்த வாயும் இல்லை. இந்த ஊரில் அந்த ஒரு சுவர்தானா? நம் கைகளால் நாம் தண்ணீர் ஊற்றி எழுப்பிய சுவர்கள் எத்தனை என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். நான் எண்ணிப் பார்த்தேன். என் எண்ணிக்கை ஒன்றில் நிற்கவில்லை. எல்லாவற்றையும் உரிக்க நம் ஆயுசு போதாது. அக்கா அந்த ஒன்றையாவது உரிக்கப் பார்த்தார். அதற்கே இப்படி.

அக்காவின் கணவரே, நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கொடுத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. மகளே, விசாரணை அதிகாரியிடம் நேற்று நான் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றியவன் நான், மேல்பகுதியைப் பூசியவன் நான், சாரத்தைத் தராதவன் நான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாங்கி மேசை டிராயரில் வைத்தார். அறிக்கை முடிந்துவிட்டது, இனி சேர்க்க முடியாது என்றார். இருந்தாலும் அது அங்கே இருக்கிறது. உன் அம்மா தனியாகச் செய்யவில்லை என்று ஒரு காகிதமாவது சொல்லட்டும்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மணி இரண்டு ஆகப் போகிறது. ஆறரைவரை வெளிச்சம் இருக்கும். கோட்டுக்கு மேலே இன்னும் இருநூற்று நாற்பது சதுர அடி தொங்கிக்கொண்டிருக்கிறது. கீழே நானூறு. இருபது பேர் இருந்தால் மேல்பகுதி முடியலாம். கீழ்ப்பகுதி இன்று முடியாது. காவலர்கள் வந்தால் மேல்பகுதியும் முடியாது. அவர்கள் வருவார்கள். மருத்துவமனை நிர்வாகத்துக்குக் காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன், மறைந்து செய்யும் வேலை இல்லை இது. அவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள், புதன்கிழமை வேறு யாரோ வந்து மூடுவார்கள், வியாழக்கிழமை வரிசை நிற்கும். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

சங்கச் சாரம் வெளியே வண்டியில் ஏற்றியிருக்கிறது. விதியை எழுதியவன் நான். மீறுகிறவனும் நான். இந்தக் கணத்திலிருந்து நான் செயலாளர் இல்லை, தலைவரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். பதிவுக்கு ஆபத்து வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொல்வது என் முறை. நான் சொல்லவில்லை. எழுந்து நிற்கிறவர்கள் அப்படியே வெளியே வாருங்கள், தலைக்குத் தொப்பி, இடுப்புக்குப் பெல்ட் வண்டியில் இருக்கின்றன. வர முடியாதவர்கள் உட்கார்ந்திருங்கள். உங்களை நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

சாரத்தின் மேல்தட்டில் முதல் ஆளாக நான் ஏறுகிறேன். கீழே யாரும் நிற்காமல் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.